தேர்தல் முடியும் வரை

கைப்பையைத் தரையில் வைக்க அவளுக்கு மனம் வரவில்லை.

காவல் நிலையத்தின் மரப்பெஞ்சில், அதை மடியிலேயே வைத்துக்கொண்டு அமர்ந்திருந்தாள்.

அங்கன்வாடியிலும் அப்படித்தான். குழந்தைகள் திறந்துவிடக்கூடும் என்பதால் பையைத் தோளிலிருந்து இறக்குவதே இல்லை. உள்ளே இருப்பதை வாங்கி வந்த நாள்முதல், அழுகிற எந்தக் குழந்தையையும் அவள் இடுப்பில் தூக்கியதில்லை.

பைக்குள், பூத்துவாலையில் சுற்றிய ரிவால்வர் இருந்தது.

அதை வாங்கப் போன அன்று, கோயம்புத்தூர்த் துப்பாக்கிக் கடைக்காரர் அவள்முன் பச்சைத் துணியை விரித்து, பிஸ்டல் ஒன்றையும் ரிவால்வர் ஒன்றையும் எடுத்து வைத்தார். பிஸ்டலின் மேற்பகுதியைப் பின்னுக்கு இழுக்க அவளால் இயலவில்லை.

"அப்ப இதயே எடுத்துக்கங்க அம்மணி. இழுக்கற சோலியில்ல. எடுத்தா அமுக்க வேண்டியதுதான்."

ரிவால்வரின் விசையும் கடினமாகவே இருந்தது. இரண்டு விரல்களைச் சேர்த்து அழுத்திப் பார்த்தாள். அவரை மேலும் சிரமப்படுத்த வேண்டாம் என்று தோன்றியது. சரி என்று சொல்லிவிட்டாள்.

அவள் கணவரை வெட்டியவர்கள் சிறையில் இருக்கிறார்கள்.

அப்போது சாலையோரம் நின்ற காரில் அமர்ந்திருந்தவர் சிறையில் இல்லை.

அவரைப் பார்த்த மற்றவர்கள், ஒவ்வொருவராக, தாங்கள் பார்க்கவில்லை என்று நீதிமன்றத்தில் சொல்லிவிட்டார்கள். குற்றப்பத்திரிகையில் அவர் பெயர் இல்லை. அவள் சொன்னால்தான் வரும்.

அடுத்த வாரம் சாட்சி சொல்ல அவள் முறை.

நேற்றுத் தேர்தல் தேதியை அறிவித்தார்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிகள் அனைத்தையும், வாக்கு எண்ணிக்கை முடியும் வரை, காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட வேண்டும்.

தனக்கு மட்டும் விலக்கு அளிக்க முடியுமா என்று அவள் கேட்டாள். மிகவும் தாழ்மையாகத்தான் கேட்டாள்.

நிலையத்தின் ரைட்டர் குழந்தைவேலு நல்ல மனிதர். உண்மையிலேயே வருத்தப்பட்டார்.

"பேங்க் செக்யூரிட்டிக்கு மட்டும்தானுங்க டீச்சரம்மா விட்டிருக்காங்க. நான் என்னங்க பண்றது?"

பிறகு, அவளைச் சிரிக்கவைக்க விரும்பியவர்போல, அலமாரியைத் திறந்து காட்டினார்.

"இங்க பாருங்க. எலெக்சன் வந்தாத்தான் எங்க ஸ்டேசன்லயே இத்தன துப்பாக்கி. இப்பத்தான் நாங்களே போலீசாட்டம் இருக்கறோம்."

அவள் சிரித்தாள். சிரிப்பதுதான் முறை.

வாசலில் கார் வந்து நின்றது. கல்குவாரி நாச்சிமுத்து உள்ளே வந்தார். காவலர்கள் எழுந்தார்கள்.

அவளும் எழுந்துவிட்டாள்.

எழுந்த பிறகுதான், தான் எழுந்து நிற்பதே அவளுக்குத் தெரிந்தது. கணவர் மனுமேல் மனுவாகக் கொடுத்தது அவருடைய குவாரிக்கு எதிராகத்தான். அன்று காரில் அமர்ந்திருந்தவரும் அவர்தான்.

"அட, உக்காருங்க அம்மணி. எனக்கெதுக்கு எந்திரிச்சுக்கிட்டு?"

அவர் குரல் மென்மையாக இருந்தது. தம்முடைய பிஸ்டலை உறையோடு மேசைமேல் வைத்தார்.

"பீரோவுலயே கெடந்த சாமானுங்க. என்னைக்கு நான் இத எடுத்தேன்? நீங்களே வெச்சுக்கங்க. குழந்தவேலு, மொதல்ல டீச்சரம்மாவ அனுப்பிச்சு வெய்ங்க. இருட்டறதுக்குள்ள போய்ச் சேரோணுமல்ல."

ரைட்டர் அவளை நோக்கிக் கையை நீட்டினார்.

அவள் துவாலையைப் பிரித்தாள். ரைட்டர் தோட்டாக்களை ஒவ்வொன்றாக உதிர்த்து எடுத்தார். விசையைச் சுற்றியுள்ள வளையத்தில் நூலைக் கோத்து, அவள் பெயர் எழுதிய அட்டையைக் கட்டினார். அலமாரியின் கீழ்த்தட்டில், இரண்டு துப்பாக்கிகளையும் அருகருகே வைத்துப் பூட்டினார்.

துவாலையை மட்டும் மடித்துத் திருப்பிக் கொடுத்தார்.

"எதுலீங்க போறீங்க?" நாச்சிமுத்து கேட்டார்.

"டவுன் பஸ்லதானுங்க. கிணத்துமேட்டுல எறங்கி, காட்டு வழியா நடந்துக்குவனுங்க."

பெரியவர்கள் கேட்டால் முழுமையாகப் பதில் சொல்ல வேண்டும் என்றுதான் அவளை வளர்த்திருந்தார்கள். அங்கன்வாடியில் அவளும் அதைத்தான் குழந்தைகளுக்குச் சொல்லித் தருகிறாள்.

ரைட்டர் சாவிக்கொத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லதுங்க அம்மணி. பாத்துப் போங்க."

நாச்சிமுத்து கைப்பேசியை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குச் சென்றார்.

அவள் நிறுத்தத்துக்கு வந்தாள். பை கனமில்லாமல் தோளிலிருந்து நழுவிக்கொண்டே இருந்தது.

முதலில் வந்த பேருந்தை விட்டுவிட்டாள்.

அடுத்ததையும் விட்டாள்.

பள்ளிப் பிள்ளைகள் போய்விட்டார்கள். பூ விற்றவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நிறுத்தத்தில் அவள் மட்டும் நின்றாள்.

மீண்டும் ஒரு பேருந்து வந்து, அவளுக்காகவே நின்றது.

"டீச்சர், ஏறுங்க. இத உட்டா வண்டி இல்லீங்க."

நடத்துநர் படியில் இறங்கி நின்று, அவள் ஏறுவதற்கு வழிவிட்டார். அவரைக் காத்திருக்க வைப்பது நாகரிகமாக இராது.

ஏறினாள்.

வேறு ஏதேனும் ஓர் ஊரின் பெயரைச் சொல்லிவிட எண்ணினாள். அந்தத் தடத்தில் எத்தனையோ ஊர்கள் இருந்தன. ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

நடத்துநர் எதுவும் கேட்கவில்லை. வழக்கம்போல, கிணற்றுமேட்டுக்கு மகளிர் இலவசச் சீட்டைக் கிழித்து, அவள் கையில் கொடுத்தார்.