பிச்சாவரம் நண்டு

“அவன் திட்டாம இருந்தா நல்லதுதானே மாமா? நிம்மதியா இருங்க” என்றான் சுரேந்தர்.

அக்கா புருஷன் அருள்முருகன் கம்ப்யூட்டர் முன்னால் கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். வேலை பார்த்த அச்சகத்தை மூடியதும் ஒரு வருஷம் சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தவர். பிறகு எப்படியோ தானாகவே புரோகிராம் எழுதப் படித்து, தமிழில் டைப் அடிக்க ஒரு சாஃப்ட்வேர் செய்து, இலவசமாக நெட்டில் போட்டிருந்தார். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். உள்ளே பிரித்துத் திருத்தவும் செய்யலாம்.

எடுத்தவர்களில் குறை சொல்ல வாயைத் திறந்தது ஒரே ஆள்தான். பெயர், ‘பிச்சாவரம் நண்டு’.

‘யோவ், புள்ளி வெச்சா பக்கத்து எழுத்து மேல போய் உக்காருது. நீ பண்ணது சாஃப்ட்வேரா, சாம்பாரா?’

இப்படி ஒரு மெயில் வந்துவிட்டால் போதும், அருள்முருகன் சோற்றை மறந்து திருத்துவார். “இப்ப என்ன சொல்றான்னு பாக்கறேன்” என்பார்.

“பதினஞ்சு நாளா ஒரு திட்டும் வரலப்பா. அவனும் விட்டுட்டுப் போயிட்டான். யாருக்காக வெச்சிருக்கணும்? நாளைக்கு மொத்தத்தையும் அழிச்சிட்டுப் படுத்துடப் போறேன்.”

“ஓசியில சாப்பிட்டு உப்பு பத்தலன்னு கத்தற ஆளு மாமா அவன். அவனுக்காகவா இந்தக் கவலை? சென்னைக்கு வாங்க, எங்க கம்பெனியில சம்பளம் குடுத்தே திட்டுவாங்க.”

அவர் சிரிக்கவில்லை. திரும்பி, சுவரைப் பார்த்தார்.

சுரேந்தருக்குப் பயமாகிவிட்டது. கீழவீதியில் அக்கா ஜெயராணி வேலை பார்க்கும் டி.டி.பி. கடைக்கு ஓடினான்.

அவனைப் பார்த்ததும் அவள் அவசரமாகத் திரையைக் கையால் மறைத்தாள். மறைத்தது பாதிதான். மேலே ‘பிச்சாவரம் நண்டு’ என்று இருந்தது. கீழே, ‘யோவ்’ என்பதோடு நின்றிருந்தது.

“நீயாக்கா அது? பாவம், மனுஷனை இந்தக் கிழி கிழிச்சிருக்க?”

“மொதல்ல அமிர்தம்னு பேரு போட்டு ‘ஐயா, அருமை’ன்னுதான்டா எழுதினேன். அப்ப வேலை முடிஞ்சுதுன்னு மறுபடியும் படுத்துட்டாரு. திட்டினப்புறந்தான் எழுந்து உக்காந்தாரு.”

“அப்புறம் ஏன் நிறுத்தின? நாளைக்கு மொத்தத்தையும் அழிக்கப் போறேங்கறாரு.”

ஜெயராணி குரலைத் தாழ்த்தினாள்.

“பதினஞ்சு நாளா தேடறேன், ஒரு தப்பும் கிடைக்க மாட்டேங்குது. பொய்யா எழுதினா டைப் அடிச்சுப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவாரு. நீ இன்ஜினீயர்தானே, நாளைக்குள்ள ஒண்ணு தேடிக் குடுடா.”