ஒரு நூல் அளவு

மேடு ஏற மறுத்து, அப்பாவின் மானத்தை இரண்டு நாளாக வாங்கிக்கொண்டிருந்தது அந்தப் பழைய கார். பிளக்கை மாற்றினார், கார்புரேட்டரைச் சுத்தம் செய்தார், பலனில்லை. வழக்கமாக வரும் மெக்கானிக், "இன்ஜினே போச்சு" என்று கைவிரித்துவிட்டார்.

"அந்தப் பையனைக் கூப்பிட்டுத்தான் பாருங்களேன்" என்றாள் அம்மா.

மகள் காதலிக்கும் மெக்கானிக்கைத்தான் அம்மா சொல்கிறாள். "அவன் என் வாசப்படியை மிதிக்கக் கூடாது" என்று போன மாதம்தான் அப்பா குதித்திருந்தார்.

"அதான் சொல்லிட்டேனே" என்று உறுமினார் அப்பா.

"கார் வாசலுக்கு வெளியேதானே நிக்குது?"

வந்தவன் இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்டான். டிஸ்ட்ரிபியூட்டருக்கு அடியிலிருந்த போல்ட்டைத் தளர்த்தி, தீப்பொறி நேரத்தைக் காட்டும் டைமிங் லைட்டைப் பிடித்துக்கொண்டு, டிஸ்ட்ரிபியூட்டரை ஒரே ஒரு நூல் திருப்பினான். முனகிக்கொண்டிருந்த இன்ஜின் சீறியது.

"இப்ப மேட்டுல ஏத்திப் பாருங்க சார்."

போன வேகத்தில் திரும்பி வந்தார் அப்பா. வாயெல்லாம் பல். "பறக்குது தம்பி! உள்ள வாங்க, உக்காந்து பேசுவோம்."

அவர் கை கழுவப் போனதும் அவன் மகளிடம் கிசுகிசுத்தான். "அந்த டிஸ்ட்ரிபியூட்டர் தானா நகராது. யாரோ திருப்பி வெச்சிருக்காங்க. நீதானே?"

"எனக்கு பானெட்டைத் திறக்கவே தெரியாது."

டீயோடு வந்த அம்மா குரலைத் தாழ்த்தினாள்.

"மெதுவாப் பேசுங்க மாப்பிள்ளை. ரொம்பத் திருப்பிட்டேனோன்னு ரெண்டு நாளா வயித்துல நெருப்பைக் கட்டிக்கிட்டிருந்தேன்."