நேற்றுக் காலைக்குத் திருப்புங்கள்

"எப்படியாவது நேத்து காலைல இருந்த மாதிரி ஆக்கிக் குடுத்துடுங்க தம்பி" என்று அந்த அம்மாள் கம்ப்யூட்டர் மெக்கானிக்கிடம் கெஞ்சினாள்.

பக்கவாதத்தில் அவள் கணவருக்கு வலது கையும் பேச்சும் போய்விட்டன. இடது கையால் அவர் தட்டுவதைக் கம்ப்யூட்டர்தான் வாய்விட்டுச் சொல்லும். நேற்று மாலையிலிருந்து அது ஊமை. அவர் சக்கர நாற்காலியில் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"பேசற புரோகிராமையே யாரோ எடுத்திருக்காங்கம்மா. செட்டிங்ஸும் கலைஞ்சு கிடக்கு. தானா இப்படி ஆகாது."

"எனக்கென்ன தெரியும்? நான் அடுப்படியே கதின்னு கிடக்கறவ."

பழைய நிலைக்குத் திருப்பும் முதல் முயற்சி பாதியில் நின்றுபோனது.

"இன்னும் ஒரு வழிதான் இருக்கு. அதுவும் போனா என்னால ஆகாதும்மா."

"அப்படிச் சொல்லாதீங்க. நேத்துலேர்ந்து அவர் என் முகத்தக்கூடப் பாக்கல. அவர் பேச்சக் கேக்காம எனக்குப் பைத்தியமே பிடிச்சிடும்."

திரை கறுத்தது. நெடுநேரம் இருவரும் அந்தக் கறுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கை மேசை விளிம்பை விடவே இல்லை.

ஒருவழியாக வெளிச்சம் வந்தது. மெக்கானிக் நாற்காலியைத் தள்ளிவந்து கீபோர்டின் முன் நிறுத்தினான்.

கணவர் ஒற்றை விரலால் மெல்லத் தட்டினார். கம்ப்யூட்டர் ஏற்ற இறக்கமில்லாமல் பேசியது.

"காபி ஆறிப்போச்சுன்னு சொன்னது ஒரு குத்தமா? அதுக்காக என் வாயையே அடைச்சிடுவியா?"

மெக்கானிக் திரும்பிப் பார்த்தான்.

அந்த அம்மாள் கண்ணைக்கூடத் துடைக்காமல் கணவரின் காலடியில் உட்கார்ந்தாள்.

"இன்னும் திட்டுங்க" என்றாள்.