முட்டை வைக்கும் முன்

ராமாயியின் கணவன் சாமிதுரை, கோழிக்குஞ்சு பொரிக்கச் செய்த மரப்பெட்டிக்குள் பல்பை மாட்டி, ஓரத்தில் ஒரு கிண்ணம் தண்ணீர் வைத்தான்.

“சூடு ஒரே சீரா நிக்கட்டும். நாளைக்கு முட்டையை வை. காலையும் சாயங்காலமும் திருப்பி விடு. குஞ்சு ஓட்டைக் கொத்துறப்ப நீ உடைச்சு விடாத, தானா வரட்டும்.”

அந்தக் குரலை இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும் போலிருந்தது ராமாயிக்கு.

“எல்லாத்தையும் எங்கிட்டயே சொல்றீங்க. இந்த ஒரு தடவை நீங்களும் கூட இருந்து பாருங்களேன்.”

அவன் பெட்டியை மூடினான்.

வாசலில் உட்கார்ந்திருந்த போலீஸ்காரர் எழுந்து வந்தார். “பரோல் முடியுதுப்பா. பொழுது சாயறதுக்குள்ள உன்னை ஜெயில்ல ஒப்படைக்கணும்.”

குத்தகை நிலத் தகராறில் நடந்த கொலைக்காக அவனுக்கு ஆயுள் தண்டனை.

“அடுத்து எப்ப வருவீங்க?” என்றாள் ராமாயி.

“இந்தக் குஞ்சுங்க வளந்து முட்டை விடுறப்ப.”