புங்க மரத்தடி டப்பா

"இன்னைக்கும் கிடைக்கலன்னா அவ்வளவுதான் பெரியப்பா. மேப்ல இருந்தே தூக்கிருவாங்க" என்றாள் மாரிசெல்வி, புங்க மரத்தின் வேர் இடுக்கில் கையை விட்டுத் துழாவியபடி.

பெஞ்சில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்த இருதயசாமியின் விரல்கள் நின்றன.

"தூக்கிடுவாங்களா? எதை?"

"இந்த டப்பாவைத்தான்."

அது ஒரு விளையாட்டு. யாரோ ஒருத்தர் சின்ன டப்பா ஒன்றை ஒளித்து வைத்து, இடத்தைச் செல்போன் மேப்பில் குறித்துவிடுவார்கள். தேடி எடுப்பவர்கள் உள்ளே இருக்கும் நோட்டில் பெயரை எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட வேண்டும். மாரிசெல்வியும் அவள் அறைத்தோழி சுகப்பிரியாவும் சங்கரன்கோவில் பக்கத்துப் பிள்ளைகள். ஒரகடத்தில் கம்பெனி வேலை. வார லீவில் பூங்கா பூங்காவாகச் சுற்றி இதுவரை பதினாலு டப்பா எடுத்துவிட்டார்கள். இந்த ஒன்றுதான் அஞ்சு வாரமாக ஆட்டம் காட்டியது.

இருதயசாமிக்குப் பூங்காவுக்குப் பின்தெருவில்தான் வீடு. முதல் ஞாயிறே பழகிவிட்டார். மடியில் ஒரு மஞ்சப்பை. அதை இறக்கி வைக்கவே மாட்டார். அதிலிருந்து கடலை எடுத்து எடுத்துக் கொடுப்பார்.

"டப்பா வச்ச பொண்ணு மேப்ல இன்னா எழுதிக்கீதுன்னு இன்னொரு வாட்டி படியேன் கண்ணு" என்றார் மாரிசெல்வியிடம்.

"வாராவாரம் கேக்கியளே, இன்னுமா மனப்பாடம் ஆகல?" என்று சிரித்தாள் சுகப்பிரியா.

"வயசாச்சு இல்ல. படிம்மா."

மாரிசெல்வி கையைத் தட்டிவிட்டுப் போனை எடுத்தாள். "'ஷிப்ட் முடிச்சு வந்திருப்பீங்க. காலு வலிக்கும். மொதல்ல பெஞ்ச்ல குந்துங்க, தண்ணி குடிங்க. டப்பா எங்கயும் ஓடிப் போவாது. இப்படிக்கு, சில்வியா.'"

"எங்கயும் ஓடிப் போவாது" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார் இருதயசாமி.

"ஓடித்தான போயிருக்கு? சரியான வாயாடியா இருப்பா போல" என்றாள் சுகப்பிரியா.

"ஆமா" என்றவர், ஒரு கடலையை உடைத்துக்கொண்டே, "அப்படித்தான் தோணுது" என்றார்.

"கிடைக்கல, கிடைக்கலன்னு எத்தனை பேரு எழுதியாச்சு. ஒரு பதில் போட மாட்டேங்கா. கல்யாணம் முடிச்சு எங்கயாவது சொகமா இருப்பா. நமக்கு இங்கன கம்பளிப்பூச்சி."

"சொகமாத்தாம்மா இருப்பா."

அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. கடலைத் தோல் தொண்டையில் சிக்கியிருக்கும் என்று மாரிசெல்வி தண்ணீர் பாட்டிலை நீட்டினாள். வாங்கினாரே தவிர, குடிக்கவில்லை.

"கிடைக்காத வரைக்கும் ஜனங்க தேடிக்கினு வருவாங்க இல்ல?"

"எங்க வருவாவ?" என்றாள் மாரிசெல்வி. "இல்லாததை யாரு தேடுவா? டப்பாவைத் திரும்ப வைக்கச் சொல்லி, மேப்காரங்க வச்சவளுக்கு ஒரு மாசம் கெடு கொடுத்திருந்தாங்க. இன்னைக்குச் சாயங்காலம் முடியுது. நாளைக்கு மேப்ல இது வெறும் பார்க்குதான்."

"அவ எழுதினது?"

"அதுவும் இருக்காது."

"பேரு?"

"பேரும்தான் பெரியப்பா."

இருதயசாமி பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"விடுட்டி, வேற டப்பா பாப்போம்" என்றாள் சுகப்பிரியா.

மாரிசெல்வி எழுந்திருக்கவில்லை. "உனக்கு என்ன, சொல்லுவ. ஊர்ல இருந்து இங்க வந்த பெறகு, காலு வலிக்குமேன்னு என்னை நெனச்ச ஒரே ஆளு இவதான். யாருன்னே தெரியாது. அவ நோட்டுல என் பேரை எழுதிட்டாப் போதும் எனக்கு."

இருதயசாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"மொகமெல்லாம் வாடிக் கெடக்கு. ரெண்டு பேரும் போய் டீ குடிச்சிட்டு வாங்க. நான் தேடிக்கினு இருக்கேன்."

"குனிஞ்சா நிமிர ஆள் வேணும் உங்களுக்கு" என்றாள் சுகப்பிரியா.

"முடிஞ்ச வரைக்கும் பாக்குறேன். போங்க கண்ணு."

கேட்டுக்கு வெளியே டீ குடித்துவிட்டுத் திரும்பியபோது பெஞ்சில் அவர் இல்லை. மஞ்சப்பை மட்டும் வெறும் பையாகக் கிடந்தது. பக்கத்தில் உரித்த கடலை ஒரு கைப்பிடி.

மரத்தடிக்குப் போன மாரிசெல்வி அப்படியே உட்கார்ந்துவிட்டாள். வேர் இடுக்கில், நீல மூடி போட்ட டப்பா.

"இங்கதானட்டி அஞ்சு வாரமா கையை விட்டோம்" என்றாள் சுகப்பிரியா.

மாரிசெல்வி பேனாவை வாயில் கவ்விக்கொண்டு நோட்டைப் பிரித்தாள். முதல் பக்கத்தில் சில்வியாவின் குண்டு குண்டான எழுத்து. அப்புறம் வந்தவர்கள் பெயர்கள். கடைசியில் ரெண்டு பக்கம் முழுக்க, ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் போட்டு, நடுங்கின எழுத்து.

'டப்பா கிடைச்சா ரெண்டு நிமிஷத்துல பேர் எழுதிட்டுப் போயிடுறாங்க. கிடைக்கலன்னா ஒரு மணி நேரம் உன்னைப் பத்தியே பேசினு இருக்காங்க. அதான் எடுத்து வச்சிக்கினேன்.'

'தெக்கத்திப் பொண்ணு ஒண்ணு வருது. நீ எழுதினதை அது படிச்சா, நீ பேசற மாதிரியே கீது.'

'கல்லறைத் திருநாளுக்கு உனக்கு மெழுகுவத்தி ஏத்தும்போது இதெல்லாம் சொல்லணும்னு வந்தேன். அம்மா அழுதுகினு இருந்தா, சொல்லல.'

அதற்குக் கீழே, மை காயாத கடைசி வரி.

'உன் பேரு போயிடும்னு எனக்குத் தெரியாதும்மா. இனிமே எல்லாரும் உன்னைக் கண்டுபிடிச்சிட்டே போவட்டும். – அப்பா.'