முன்னால் இழுக்காத இருக்கை

காலை வெயிலில் ஆற்று மணல் கண்ணைக் கூசுகிறது. ஜீப்புகள் வரிசையாக உறுமிக்கொண்டு நிற்கின்றன. மணலில் புதையாமல் இருக்க எல்லாரும் தங்கள் டயரில் காற்றைக் குறைத்தாயிற்று. இப்போது நாலு பேர் அவளுடைய ஜீப்பின் நாலு சக்கரத்துக்கும் குனிந்து, புஸ்ஸென்று காற்றை இறக்குகிறார்கள். புருஷன் இறந்துபோன பிறகு, அவர் நடத்திவந்த ஜீப் குழுவோடு அவள் வரும் முதல் பயணம். கதவைத் திறந்து ஏறுகிறாள், பெல்ட்டைப் போட்டுக்கொண்டு காத்திருக்கிறாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஆளில்லை. பழக்கதோஷத்தில் தன் பழைய இடத்திலேயே உட்கார்ந்துவிட்டது அப்புறம்தான் உறைக்கிறது. யாரும் சிரிக்கவில்லை, ஒரு ஹாரன்கூட ஒலிக்கவில்லை. வாக்கிடாக்கியில் முன்வண்டிக்காரரின் குரல் கரகரக்கிறது: "அவசரமே இல்ல அண்ணி. பின்னாடி வண்டி கிளம்பாம முன்னாடி வண்டி நகராது. அண்ணன் போட்ட சட்டம்தானே." இறங்கி, சுற்றி வந்து, மறுபக்கம் ஏறுகிறாள். புருஷனின் நெட்டைக் கால்களுக்காகப் பின்னால் தள்ளிவைத்த இருக்கை. கிளட்ச் அவளுக்கு எட்டவில்லை. குழுவோடு வந்த மெக்கானிக் ஓடி வருகிறார். "சீட்டை முன்னால இழுத்துத் தரட்டுமா அண்ணி?" "வேண்டாம்ப்பா. அது அப்படியே இருக்கட்டும்." பின்சீட்டில் கிடக்கும் புருஷனின் மழைக்கோட்டைச் சுருட்டி முதுகுக்குப் பின்னால் வைத்துச் சாய்கிறாள். இப்போது கால் எட்டுகிறது.