வாய் திறக்காத நோயாளி

“ஆடாம இரு, வலிக்காது” என்று சொல்லிவிட்டுப் பல் டாக்டர் கத்தியை அழுத்தினார். இத்தனை வருடத் தொழிலில் வாயே திறக்காத நோயாளி அவருக்குக் கிடைத்தது அன்றுதான்.

நோயாளி, பக்கத்து வீட்டு மாமரத்தின் கிளை. டாக்டர் நின்றுகொண்டிருந்தது ஏணியின் உச்சிப்படியில்.

அந்த இளமரம் இதுவரை ஒரு பூகூடப் பூத்ததில்லை. ஆனால் இலைக்குக் குறைச்சலே இல்லை. சுவரைத் தாண்டி வந்து, ‘பல் மருத்துவமனை’ என்ற பலகையில் ‘பல்’லை முழுசாக விழுங்கியிருந்தது.

சுளுக்கு வந்தது, சேற்றுப்புண் வந்தது, ஒருமுறை காய்ச்சல் கண்ட ஆடுகூட வந்தது. பல்வலிக்காரர்கள் மட்டும் தெருமுனை டாக்டரிடம் போனார்கள். இப்படியே போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான்.

கிளையை வெட்டச் சொல்லிக் கேட்டும் பார்த்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் இன்சூரன்ஸ் ஏஜென்ட். யாரிடமும் ‘முடியாது’ என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். சுவருக்கு அந்தப் பக்கம் நின்று பெருமூச்சு விட்டார்.

“நான் என்ன பண்ணட்டும் டாக்டர்? என் வீட்டுக்காரி இதைப் பிள்ளை மாதிரி வளர்க்கிறா. நான் கத்தி வச்சா அன்னைக்கே பொட்டியக் கட்டிடுவாளாம். எனக்கே திக்குதிக்குன்னு இருக்கு. கிளையச் சுத்தி ஒரு விரல் அகலத்துக்குப் பட்டைய உரிச்சா போதும், கிளை காலி! அடித்தண்டுல கை வச்சாலாவது அவ கண்டுபிடிச்சிடுவா. மேல நடந்தா அவளுக்குக் கண்ணு எட்டாது. எந்தப் பாவியாவது செஞ்சுட்டுப் போயிட்டா?”

“சேச்சே, அப்படி யாரு சார் செய்வாங்க?” என்றார் டாக்டர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏஜென்ட் குடும்பத்தோடு வெளியூர் கிளம்பினார். போகிற அவசரத்தில் ஏணியை மரத்திலேயே சாய்த்துவிட்டுப் போயிருந்தார். டாக்டர் ஈறு கிழிக்கிற கத்தியோடு சுவரேறிக் குதித்தார். பலகை மேல் கிடந்த கிளைகளில் மட்டும் வளையமாகப் பட்டையை உரித்தார். பழக்கதோஷத்தில் காயத்தைப் பஞ்சால் ஒற்றியும் விட்டார்.

பிறகு தினமும் அண்ணாந்து பார்த்தார். அவர் கழுத்து பிடித்துக்கொண்டதே தவிர, கிளை காயவில்லை.

காயாததோடு நிற்கவில்லை, பூத்தது. பூவைத் தேடி ஈ வந்தது. கடைசியில் கொத்துக் கொத்தாகக் காய்த்து, பாரத்தில் கிளை தாழ்ந்ததில் ‘மருத்துவமனை’யில் ‘மரு’வும் போய்விட்டது.

அந்த வாரம் ஏஜென்ட் கூடை நிறையப் பழத்தோடு வந்தார். கதவைச் சாத்திவிட்டு நோயாளி நாற்காலியில் சாவகாசமாகச் சாய்ந்தார்.

“பட்டைய உரிச்சது நீங்கதான்னு தெரியும் டாக்டர். வெட்டு அவ்வளவு சுத்தம்.”

டாக்டர் சாத்திய கதவைப் பார்த்தார். கேஸ் போடுவாரா? அதைவிட மோசமாக, பாலிசி போடச் சொல்வாரா?

“சார், அது வந்து… உங்க வீட்டம்மாவுக்கு…”

“அவளுக்கு எங்க தெரியும்? தன் பாசத்துலதான் மரம் காய்ச்சுதுன்னு தெரு பூரா சொல்லிட்டுத் திரியறா.” ஏஜென்ட் ஒரு பழத்தை எடுத்து உருட்டினார். “பட்டைய உரிச்சா இலை சமைக்கிற சாப்பாடு வேருக்கு இறங்காதாம். கிளையிலயே தங்கிடுமாம். அதனால சின்ன மரம்கூடச் சீக்கிரமே பூத்துடுமாம். நர்சரிக்காரர் போன வருஷமே சொன்னாரு.”

“சத்தியமா அது எனக்குத் தெரியாது சார்!”

“தெரியாதுன்னு தெரியும். அதை விடுங்க, கொல்லையில இன்னொரு மரம் சும்மா நிக்குது.” ஏஜென்ட் குரலைத் தாழ்த்தினார்.

“ஏணிய என்னைக்குச் சாய்ச்சு வைக்கட்டும்?”